பெரியோர் வாழ்க்கை: ஸ்ரீ ரமண மகரிஷியும் பண்டிகைச் செலவும்

ஐப்பசியும் கார்த்திகையும் நம் ஊருக்குப் பண்டிகைத் திங்கள்களாம். தீபாவளிக்கு வாங்கிய கடன் தீருமுன்னே அண்ணாமலையார் கோயிலில் கார்த்திகைக் கொடி ஏறிவிடுகின்றது. வெளியூர் உறவினர் வந்து தங்குவர். அவர்க்கு முன் நம் இல்லம் குறைவாய்த் தோன்றலாகாது என்னும் எண்ணம் எழும். புதிய ஆடை, புதிய பாத்திரம், புதிய அணிகலன் என்று ஒன்றன்பின் ஒன்றாய் வந்து சேரும். முன்னாளில் ஏரியும் கழனியுமாய் விளங்கிய நமது வேங்கிக்கால், மாவட்டம் 1989-ஆம் ஆண்டு பிரிந்து, ஆட்சியர் அலுவலகமும் இவ்விடத்தே அமைந்தபின், வேலூர்ச் சாலையின் இருமருங்கும் கடைகள் நிரம்பிய ஊராய் மாறியது. இன்றோ கடைக்கு நடக்கும் சிரமமும் இல்லை. கைப்பேசியைத் தொட்டால் பொருள் வாசலில் வந்து நிற்கின்றது. அதன் விலை மாதத் தவணையாய்த் தைக்கும் பொங்கலுக்கும் அப்பால் நம்மைத் தொடர்ந்து வருகின்றது.

திருமணச் செலவைக் குறைத்தல் வேண்டுமென்று நம்மவர் கூடிப் பேசுவது வழக்கம். திருமணம் ஓர் இல்லத்தில் என்றோ ஒருநாள் நிகழ்வது. பண்டிகையோ ஆண்டுதோறும் தவறாது வருவது. ஆகையால் அதன் செலவு சிறிதாய்த் தோன்றினும் கூட்டிப் பார்க்குமிடத்துப் பெரிதாகும். இதனைக் குறித்து அறிவுரை எழுதுவதினும், நம் கண்ணெதிரே நிற்கும் இம்மலையடியில் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒரு பெரியவரின் வரலாற்றை எடுத்துரைத்தல் நலமென்று கருதினோம். அவர் ஸ்ரீ ரமண மகரிஷி. அவர் நம் குலத்தில் தோன்றியவர் அல்லர். குலச் சின்னத்தையும் தாமே களைந்தவர். பெரியோர் எக்குலத்தார்க்கும் பொதுவாதலின், அவர் வாழ்வினின்று நாம் கொள்ளத்தக்கன பல உள.

மகரிஷி 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், மார்கழித் திருவாதிரை விழாவின் இரவில், பாண்டி நாட்டுத் திருச்சுழியில் பிறந்தார். தந்தையார் சுந்தரமையர் அவ்வூரில் வழக்கு நடத்தி வந்தவர்; தாயார் அழகம்மாள். பிள்ளைக்கு வேங்கடராமன் என்று பெயரிட்டனர். தந்தையார் 1892-ஆம் ஆண்டு காலமாகவே, வேங்கடராமன் தம் தமையனாருடன் மதுரையில் சிறிய தந்தையார் இல்லத்தில் தங்கிப் படித்து வந்தார். படிப்பில் மிக்க நாட்டமில்லை; உடல்வலிமையும் விளையாட்டும் உடைய பிள்ளை. 1896-ஆம் ஆண்டின் நடுவில், ஒருநாள், திடீரென்று மரணபயம் அவரைப் பற்றிற்று. அவர் ஓடி ஒளியாமல், இறப்பது யாது, இறவாது நிற்பது யாது என்று தம்முள்ளே ஆராய்ந்தார். அன்று முதல் அவருக்கு உணவிலும் உறவிலும் பாடத்திலும் பற்று அகன்றது.

அவ்வாண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் அவர் இல்லத்தை விட்டு வெளியேறிய செய்தியில், நம் பொருளுக்கு ஏற்ற ஒரு சிறப்பு உண்டு. தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்காக அவரிடம் ஐந்து ரூபாய் தரப்பட்டது. திருவண்ணாமலை செல்ல மூன்று ரூபாய் போதுமென்று கணக்கிட்டு, அதனை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டு ரூபாயை ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டுப் புறப்பட்டார். சம்பளம் இன்னும் செலுத்தப்படவில்லை என்பதையும், இரண்டு ரூபாய் உடன் இருப்பதையும் அதில் குறித்தார். தம் பெயரை எழுதவில்லை. உலகையே துறக்கப் புறப்படும் பதினாறு வயதுப் பிள்ளை, தேவைக்கு மேல் ஓரணாவும் எடாமல், பிறர் பணத்துக்குக் கணக்கும் எழுதிவைத்தார்.

திண்டிவனத்துக்கு எடுத்த சீட்டின் விலை இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. வழியில் அரையணாவுக்குப் பழம் வாங்கி உண்டார். விழுப்புரத்தில் இறங்கி, எஞ்சிய இரண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரையில் சீட்டு வாங்கினார். அங்கிருந்து கால்நடையாய் அறையணிநல்லூரும் கீழூரும் அடைந்து, பசியால் தளர்ந்து, முத்துகிருஷ்ண பாகவதர் என்னும் அன்பர் இல்லத்தில் உணவு பெற்றார். தம் காதிலிருந்த கடுக்கன்களை அவரிடம் ஈடு வைத்து நான்கு ரூபாய் வாங்கினார். கடுக்கன்களின் மதிப்பு அதனினும் மிகுதி. ஆயினும் அவருக்கு வேண்டியது அவ்வளவே. மீட்பதற்கென்று தந்த சீட்டைப் பின்னர்க் கிழித்தெறிந்தார்.

அது கோகுலாஷ்டமிக் காலம். பாகவதர் இல்லத்து அம்மையார், பண்டிகைக்குச் செய்த பலகாரத்தில் ஒரு பொட்டலம் கட்டி, அன்போடு அப்பிள்ளையின் கையில் கொடுத்தார். மறுநாள், 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், திருவண்ணாமலையில் இறங்கி நேரே அண்ணாமலையார் சந்நிதி புகுந்து வணங்கிய பின்னர், வேங்கடராமன் அய்யங்குளத்துக்கு வந்தார். பொட்டலத்தை அக்குளத்தில் இட்டார். தலையை மழித்துக்கொண்டார். வேட்டியைக் கிழித்து ஒரு கோவணத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சிய துணியையும், கையிலிருந்த மூன்று ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட பணத்தையும், பூணூலையும் நீக்கிவிட்டார். அதன்பின் தம் வாழ்நாளில் அவர் பணத்தைக் கையால் தீண்டவில்லை என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர்.

அவர் முதலில் ஆயிரக்கால் மண்டபத்துப் பாதாளலிங்கக் குகையில் உடலையும் மறந்து அமர்ந்திருந்தார். சேஷாத்திரி சுவாமிகள் முதலியோர் அவரைப் பேணினர். பின்னர்க் குருமூர்த்தத்தில் இருந்த நாளில் அன்பர் கூட்டம் பெருகிற்று. பலரும் பலவகை உணவு கொண்டுவந்தனர். அவரோ நாளுக்கு ஒருமுறை ஒரு கிண்ணம் அளவே ஏற்றார். வருவது பெருகப் பெருக உண்பது பெருகவேண்டும் என்னும் விதி அவரிடம் செல்லவில்லை.

1898-ஆம் ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலத்தில், தாயார் அழகம்மாள் மூத்த மகனாருடன் வந்து, பவழக்குன்றில் தம் பிள்ளையைக் கண்டார். அழுக்கேறிய உடலும் சடைபட்ட தலையும் கோவணமுமாய்க் கல்லின்மேல் இருந்த மகனைக் கண்டு அவ்வம்மையார் பட்ட துயரத்தை நம் தாய்மார் அறிவர். நாள்தோறும் தின்பண்டங்கள் கொண்டுவந்து மன்றாடினார். மகன் அசையவில்லை; அவரவர் வினைப்படியே யாவும் நடக்குமென்னும் கருத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அம்மையார் வெறுங்கையோடு திரும்பினார். எளிமையென்பது சில வேளைகளில் நம்மை நேசிப்போர்க்கும் வருத்தந் தருவதென்பதை இங்கே மறைத்தல் ஆகாது.

1899-ஆம் ஆண்டு முதல் 1916 வரை விரூபாக்ஷி குகையிலும், பின்னர் 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் மகரிஷி மலைமேல் வாழ்ந்தார். உடனிருந்தோர் ஊருக்குள் இறங்கிப் பிச்சை ஏற்று வருவர். சிலநாள் வெறுஞ் சோறே கிடைக்கும், உப்பும் இராது. உப்பு மட்டுமாவது கேட்டு வாங்கலாமென்று தோன்றுவது இயல்பே. மகரிஷி அதற்கும் உடன்படவில்லை. இன்று உப்பைக் கேட்டால் நாளை நாக்கு பருப்பைக் கேட்கும். பருப்புக் கிடைத்தால் நெய்யையும் பாயசத்தையும் கேட்கும். கேட்பதற்கு எல்லை இராது என்பது அவர் கருத்து. ஆகவே கிடைத்த சோற்றை உப்பின்றியே யாவரும் பகிர்ந்துண்டனர்.

நம் இல்லங்களில் கடன் புகும் வழியும் இதுவே அன்றோ? எவரும் ஒரே நாளில் வீட்டை அடகு வைப்பதில்லை. அண்டை வீட்டார் வாங்கிய ஒரு சிறு பொருளில் ஆசை தொடங்குகின்றது. அதற்கு இணையான மற்றொன்று வேண்டியிருக்கின்றது. அவ்விரண்டையும் வைப்பதற்கு ஏற்ற நிலைப்பேழை வேண்டியிருக்கின்றது. முதற் பொருளை வாங்கும்போது செலவாவது சில நூறு ரூபாய். அப்பொருள் திறந்துவிட்ட வாயிலில் நுழைவன பல ஆயிரம்.

அக்காலத்தில் மகரிஷியிடம் இருந்த துண்டு கிழிந்து கந்தலாயிற்று. அதனை அன்பர் கண்டால் புதியன கொண்டு குவிப்பர் என்று கருதி, பிறர் கண்ணிற் படாமல் மரப்பொந்தில் மறைத்து வைத்திருந்தாராம். கோவணம் கிழிந்தபோது ஊசியும் நூலும் கேட்கவில்லை. முள்ளொன்றை எடுத்து அதில் துளையிட்டு ஊசியாக்கி, அத்துணியினின்றே இழை பிரித்துத் தைத்துக்கொண்டார். வாய்விட்டுக் கேட்டால் நூறு பேர் கொடுக்கக் காத்திருந்த இடத்தில் இவ்வாறு இருந்தார் என்பதே இதன் பெருமை. கிடையாமையால் எளியராய் இருப்போர் உலகில் பலர், அது வறுமை. கிடைக்கும் இடத்தில் வேண்டாமென்று நிற்பதே எளிமை.

1912-ஆம் ஆண்டு அன்பர் சிலர் அவருடைய பிறந்தநாளைக் கொண்டாட விரும்பினர். மகரிஷி தடுத்தார். பிறப்பின் மூலத்தை ஆராய்தற்குரிய நாளில் பிறந்ததற்காக விழா எடுப்பது, பிணத்துக்கு அணி செய்வதை ஒக்கும் என்னும் பொருள்படச் செய்யுளும் இயற்றினார். ஆயினும் அன்பர் ஆசை நின்றபாடில்லை. விழா ஆண்டுதோறும் வளர்ந்தது. தீபாவளியைக் குறித்தும் அவர் சிறு செய்யுள் செய்தார். உடலாகிய வீட்டையே தானென்று எண்ணி ஆளும் அகந்தையே நரகன் என்றும், அவன் அழிந்தபின் உள்ளே விளங்கும் ஒளியே தீபாவளி என்றும் அதன் பொருள் அமைந்துள்ளது. நாம் புத்தாடையும் பட்டாசும் வாங்குவது பெரும்பாலும் அவ்வகந்தைக்கே படையலாய் முடிவதை எண்ணினால் நாணம் உண்டாகின்றது.

தாயார் 1916-ஆம் ஆண்டு மகனோடு வந்து தங்கி, அடியவர்க்குச் சமைத்து உபசரித்தார். ஒருகால் அப்பளம் இடுதற்குத் தம் மகனை உதவிக்கு அழைத்தார். மகரிஷி கையால் அப்பளம் இடாமல், அதன் செய்முறையையே ஞானத்துக்கு உவமையாக்கி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். தாயார் 1922-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் மறைந்தார்; மலையின் தென்புறத்து அடிவாரத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் மகரிஷி அவ்விடத்துக்கே இறங்கிவந்து தங்கினார். இன்று ஸ்ரீ ரமணாசிரமம் என வழங்குவது அதுவே.

1924-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஓரிரவு திருடர் அங்கே புகுந்தனர். வேண்டியதை எடுத்துச் செல்லுமாறு மகரிஷி கதவைத் திறந்துவிடச் செய்தார். பொருள் மிகுதியாய் மறைத்திருக்குமென்று நம்பிய திருடர் அவரையும் தொடையில் அடித்தனர். அடியார் ஒருவர் திருப்பி அடிக்க எழுந்தபோது, அவரவர் தருமத்தை அவரவர் காத்தல் வேண்டுமென்று சொல்லித் தடுத்தார். முடிவில் அவர்கள் கொண்டுசென்றது சிறிது வெள்ளித் தகடும், அரிசியும், சில மாம்பழமும், அன்பர் ஒருவரின் சில ரூபாயுமே.

ஆசிரமம் வளர்ந்த பின்னர் பொருளுக்குக் குறைவில்லை. 1934-ஆம் ஆண்டு பால் பிரண்டன் எழுதிய நூல் வெளிவந்த பின் மேல்நாட்டினரும் மிகுதியாய் வந்தனர். 1938-ஆம் ஆண்டு ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்தார். அக்காலத்தும் மகரிஷி பொழுது புலருமுன் எழுந்து அடுக்களையில் அமர்ந்து காய் நறுக்கினார். தரையிற் சிந்திய அரிசி மணிகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினார். பிறர் எறியும் கத்தரிக்காயின் காம்பும் கீரைத் தண்டும் வீணாகாமல் கறியாக வேண்டுமென்றார். கொட்டாங்கச்சியைத் தேய்த்து மெருகிட்டுக் கிண்ணமும் அகப்பையும் செய்தார். ஊன்றுகோல் சீவினார், இலை தைத்தார். வரும் கடிதங்களின் வெற்றுப் பக்கத்தைக் கத்தரித்து வைத்து எழுதப் பயன்படுத்தினார். தாளிற் குத்தியிருந்த குண்டூசியையும் எடுத்துவைத்தார்.

ரூபாயை எறிந்தவர் குண்டூசியைச் சேர்த்தது முரணன்றோ என்று சிலர் வினவலாம். முரண் இல்லை. எறிந்தது தமக்கென்று வைத்துக்கொள்ளும் உரிமையை. காத்தது பிறர் உழைப்பால் விளைந்த பொருளை. உழவன் விளைத்த நெல்லும் கொல்லன் செய்த ஊசியும் வீணாகலாகாது. பண்டிகை மறுநாள் நம் தெருக்களில் மிச்சப் பலகாரமும் ஒருமுறை பயன்படுத்திய தட்டும் குவளையும் குவிந்து கிடப்பதைக் காண்போர்க்கு இதன் உண்மை விளங்கும்.

இவற்றினும் சிறந்தது அவருடைய பந்தி முறை. பிறர்க்கு இல்லாத சுவைப்பொருளைத் தமக்கு மட்டும் பரிமாறினால் அவர் ஏற்கமாட்டார். தம் இலையிற் சிறிது கூடுதலாய் விழுந்தாலும் பரிமாறுவோரைக் கடிந்துகொள்வார். ஒருகால் விருந்து நாளில் ஏழைப் பரதேசிகளை ஆசிரமத்தார் விலக்கி நிறுத்தியபோது, தாமும் ஒரு பரதேசியே என்று கருதி, உணவுக்கு வாராமல் மரத்தடியில் அமர்ந்தாராம். அதுமுதல் வறியோர்க்கு முதலில் உணவளிக்கும் முறை ஏற்பட்டதென்று உடனிருந்தோர் குறித்துள்ளனர். விருந்தின் சிறப்பை முதல் இலையில் வீழ்ந்த வகைகளின் எண்ணிக்கையால் அவர் அளக்கவில்லை. கடைசியில் நிற்பவன் வயிறு நிறைந்ததா என்பதே அவர் கொண்ட அளவுகோல்.

கார்த்திகை தீபத்தன்று மகரிஷி மலையை நோக்கி அன்பரோடு வெளியில் அமர்ந்திருப்பார். பண்டிகையை வெறுத்தவர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று. 2,668 அடி உயரமுள்ள இம்மலையின் உச்சியில், பருவதராஜ குலத்தார் வழிவழியாய் ஏற்றும் தீபம் ஒன்றே. ஊர்மக்கள் அளிக்கும் நெய் யாவும் ஒரே கொப்பரையிற் கலந்து எரிகின்றது. எவர் நெய் எவ்வளவு என்று சுடரைப் பார்த்து எவராலும் சொல்லவியலாது. வேங்கிக்காலில் ஓலைக்குடிசை வாசலில் நிற்பவர்க்கும் மாடிமேல் நிற்பவர்க்கும் அவ்வொளி ஒன்றாகவே தெரிகின்றது. இதனினும் சிறந்த பண்டிகை வேறு யாது உண்டு? அதனைக் காண்பதற்கு எவரும் கடன் வாங்க வேண்டுவதில்லை.

1949-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மகரிஷியின் இடக்கையில் புற்றுக்கட்டி தோன்றிற்று. நான்குமுறை அறுவை செய்தும் நோய் தணியவில்லை. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் தாயார் சமாதிமேல் எழுப்பிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது; அதனை அடுத்த பெருங்கூடத்தில் அவருக்கென்று கல்லில் வேலைப்பாடமைந்த ஆசனமும் இட்டனர். அவர் அதில் அமர்ந்தது சிலகாலமே. 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு, எட்டே முக்கால் மணியளவில், ஒரு சிற்றறையில் அவர் உடல் நீத்தார். அவர் தமக்கென்று விட்டுச்சென்றவை ஊன்றுகோலும் கமண்டலமும் கோவணமும் போன்ற சிலவே.

மகரிஷி துறவி; நாமோ குழந்தை குட்டிகளோடு வாழ்பவர்; அவர் வாழ்வு நமக்கு எவ்வாறு பொருந்துமென்று அன்பர் சிலர் கேட்கலாம். தக்க கேள்வியே. மகரிஷி இல்லறத்தாரை இல்லத்தை விட்டுவரச் சொன்னவர் அல்லர். துறவு பூண வந்தோரையும் பெரும்பாலும் தடுத்து அனுப்பினார். நம் பிள்ளைகள் புத்தாடை உடுக்கவேண்டாமென்றும், பலகாரம் தின்னவேண்டாமென்றும் நாமும் சொல்லவில்லை. வாங்குவோர் இல்லையெனின் நெசவாளரும் குயவரும் கடைக்காரரும் எங்ஙனம் வாழ்வர் என்னும் வினாவும் எழும். ஆரணி நெசவாளரிடம் ஓர் ஆடையும், நம்மூர்க் குயவரிடம் பத்து அகலும் ரொக்கம் கொடுத்து வாங்குவது அவர்க்கு உதவியாகும். கடன்பட்டு வாங்கும் நாலாவது ஆடையால் வாழ்வது வட்டி வாங்குவோரே.

ஆகையால் சங்கத்து அன்பர்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றோம். முதலாவது, பண்டிகைக்கு இவ்வளவே என்று கணவனும் மனைவியும் முன்னரே கூடிக் கணக்கெழுதுக. அக்கணக்கில் கடனுக்கும் தவணைக்கும் இடந்தராதிருக்க. மதுரையில் ஐந்தில் மூன்றை மட்டும் எடுத்த பிள்ளையின் கணக்கு நமக்கு வழிகாட்டும். இரண்டாவது, வீட்டிலுள்ள பாத்திரத்தையும் ஆடையையும் பழுதுபார்த்துப் பயன்கொள்வதை இழிவென்று எண்ணாதிருக்க. பலகாரத்தை உண்ணுமளவுக்கே செய்க. மூன்றாவதே தலையாயது. நம் உறவில், பண்டிகை நாளன்று வெளியில் வர நாணி, உடல்நலமில்லை என்று சொல்லி உள்ளே இருந்துவிடும் இல்லங்கள் உண்டு. நாம் காட்டும் பகட்டே அவர் கதவை அடைக்கின்றது. நம் பிள்ளைக்கு எடுக்கும் துணியிலேயே அவர் பிள்ளைக்கும் எடுத்தால், நம் வீட்டில் ஒன்று குறையும். இரு வீட்டிலும் பண்டிகை நடக்கும்.

ஒரு சமூகத்தின் செல்வம் அதன் முதல் இலையில் இல்லை. கடைசி இலையில் இருக்கின்றது. வரும் கார்த்திகையில் மலைமேல் தீபம் தோன்றும்போது, நம்மவருள் ஒருவரேனும் கதவடைத்து இருளில் இராதவாறு பார்த்துக்கொள்வோமாக. அருணாசலப் பேரொளி நம் இல்லங்கள்தோறும் நிறைவையும் கடனற்ற உறக்கத்தையும் அருளுமாக.